நல்லா இருங்க

என் தம்பியைக் கொன்ற ஹீட்டருக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் நீங்கள் ஊர்வாயைத் திறந்து 'கணப்பு வாட்டர் ஹீட்டர்' என்று கேட்டால், அதைப் புகழ்ந்த நாலே முக்கால் லட்சம் பேரில் என் பெயரும் இருக்கும். தமயந்தி, மோட்டார் காயில் கட்டுபவர், கணபதி ஏரியா, கோயமுத்தூர். பக்கத்தில் ஒரு பொம்மை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஊர்வாய் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மணிக்கட்டிலும் அந்தப் பட்டை இருக்கும். இருபது வருடம் கழித்துப் படிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஒரு காலத்தில் வாங்கின பொருளைப் பற்றி ஆளாளுக்கு எழுதினார்கள். பாதிப் பேர் கூலிக்கு எழுதினார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் ஜனங்கள் முழித்தபோதுதான் இந்த மிஷின் வந்தது. நீங்கள் எழுதுவதைப் படிக்கும், வாயால் சொல்வதையும் கேட்கும். எழுதும்போது உங்கள் நாடி எப்படித் துடிக்கிறது, கை வியர்க்கிறதா என்று பட்டை வழியாகப் பார்க்கும். எல்லோருடையதையும் ஒன்றாக அரைத்து ஒரே குரலில், பக்கத்து வீட்டு அக்கா மாதிரி பதில் சொல்லும். அரிசியிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அதைக் கேட்காமல் யாரும் அசைவதில்லை.

பிறகு சட்டமும் அதன் பின்னால் வந்தது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று வழக்கு வந்தால் ஊர்வாய் சொல்லும் எண்தான் சாட்சி. ஒரே ஒருவர் பட்டதற்கு 'தனி அனுபவம்' என்று பெயர். அது எடுபடாது.

என் தம்பி சென்னியப்பனுக்கும் என் அனுபவம் எடுபடவில்லை. மார்கழிக் குளிரில் எனக்கு விரல் மரத்துப் போகும். செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி இருபத்தாறு வருடம் உழைத்த விரல்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் எனக்காகத்தான் ஹீட்டர் வாங்கக் கிளம்பினான். ஷோரூமில் ஒரு கணப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எதையும் உள்ளங்கையால் தொட மாட்டோம். கரண்ட் இருந்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் உதறி விலகும். அன்றைக்குச் சுள்ளென்று ஒரு எறும்புக் கடி. அவ்வளவுதான், ஆனால் இருந்தது.

வேண்டாம் என்றேன். அவன் சிரித்தான். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, "நாலு புள்ளி எட்டு, அக்கா. நாலே முக்கா லட்சம் பேரு தொட்டுப் பாத்துச் சொல்லியிருக்காங்க. நீ ஒத்தப் புறங்கைய வெச்சுக்கிட்டு வேண்டாங்கற" என்றான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குக் காற்றில் ஈரம், கையில் வியர்வை, ஏதோ பிரமையாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை, எனக்கு முன்னால் அவன் குளிக்கப் போனான். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. கதவை உடைத்தபோது அவன் கை குழாயைப் பிடித்தபடி இருந்தது. உள்ளங்கை.

காரியம் முடிந்த அன்று அந்த ஹீட்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே சுருள் கசிந்திருந்தது. அது எந்த ஹீட்டரிலும் நடக்கும். கசிந்தால் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் பச்சை ஒயர் இருக்கிறது. கணப்பிலும் பச்சை ஒயர் இருந்தது. பளபளவென்று இருந்தது. ஆனால் அதன் நுனியை இரும்புத் தொட்டியில் மாட்டாமல், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டில் திருகியிருந்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு ஒயர் உண்டு. கரண்ட்டுக்குப் போக வழி இல்லை. தொட்டியில் மாட்ட ஒரு கொக்கியை வெல்டிங் பண்ண வேண்டும், அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. பட்டையை மணிக்கட்டில் மாட்டி ஊர்வாயில் எழுதினேன். 'என் தம்பியைக் கொன்னுட்டீங்க. நல்லா இருங்க.' அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டேன். விசாரணை அன்று கம்பெனி வக்கீல் எழுந்து, மனுதாரரே எங்கள் பொருளை மனதாரப் பாராட்டியிருக்கிறார் என்று என் இரண்டு வரியைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். பக்கத்தில் ஐந்து நட்சத்திரம், சிரிக்கிற பொம்மை. மன்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர்வாய் தரப்பில் நவநீதன் என்று ஒரு இளைஞன் வந்திருந்தான். தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். இது எப்படி என்று நடுவர் அவனைக் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் விளக்கினான். நம்மாட்கள் நல்லதைச் சொல்லும்போதுதான் அடிதடி வார்த்தையாகப் பேசுவார்களாம். பிரியாணி நன்றாக இருந்தால் கொன்னுட்டான் என்பார்கள். பாட்டு நன்றாக இருந்தால் பின்னிட்டான் என்பார்கள். கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து மிஷின் அதைக் கற்றுக்கொண்டது.

"நாடித்துடிப்பு நூத்தி நாப்பது இருந்துச்சுங்க. கை வேர்த்திருந்துச்சு. கொன்னுட்டீங்கன்னு வேற வந்தா அது உச்சபட்ச சந்தோசம்னு எடுத்துக்கும். அப்பறம் நல்லா இருங்கன்னு வாழ்த்தி முடிச்சிருக்காங்க" என்றான்.

"தம்பீன்னு ஒரு வார்த்தை இருந்துச்சே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"குடும்பத்தோட பயன்படுத்தறாங்கன்னு புரிஞ்சுக்கும்மா" என்றான்.

நல்லா இருங்க என்பது வாழ்த்தா சாபமா என்று நடுவர் என்னிடம் கேட்கவே இல்லை. அவரும் தமிழர்தான். புரிந்திருக்கும். ஆனால் சட்டம் எண்ணைக் கேட்கிறது. எண் நாலு புள்ளி எட்டு. நான் பிரித்து வைத்த ஹீட்டரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தனி அனுபவம் என்று எழுதி வழக்கை மூடினார்.

வெளியே படிக்கட்டில் கணப்பு முதலாளி திருமூர்த்தி என்னிடம் வந்தார். வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு, கும்பிட்ட கை. "மனசுக்குக் கஷ்டமாத்தானுங்க இருக்குது. ஆனா ஒத்தை ஆளு பட்டத வெச்சு ஒலகத்த எடை போடலாங்களா? நாலே முக்கா லட்சம் பேரு பொய்யா சொல்லுவாங்க?" என்றார். பெருந்தன்மை மிச்சமிருந்தது போல. மறுநாள் ஒரு புது கணப்பு பார்சலில் வந்தது. இனாம்.

அதையும் பிரித்துப் பார்த்தேன். பச்சை ஒயர் பிளாஸ்டிக்கில்தான் இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுசனை விடக்கூடாது என்று. கோபம் ஆறும், காலம் மருந்து என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் தம்பியா போனான்? நான் ஆற விடவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் போலப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து திருமூர்த்தி வீட்டு போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. அவர் மனைவி அமுதவல்லி நல்ல காயில்காரர் யார் என்று ஊர்வாயைக் கேட்டிருக்கிறார். எனக்கு நாலு புள்ளி ஒன்பது. அந்த மிஷின் என்னைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் விட்டது. முதலாளி வெளியூரில் இருந்தார். வேலை முடிந்து கிரீஸ் கையைக் கழுவ வெந்நீர் கேட்டேன். சமையல் செய்யும் அம்மா பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். அவ்வளவு பெரிய பங்களாவில் விறகு அடுப்பின் மேல் ஒரு செப்பு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

ஹீட்டர் கம்பெனிக்காரர் வீட்டில் அண்டாவா என்று கேட்டேன். "கம்பெனிச் சாமான் ஒன்னும் இந்த வூட்டுக்குள்ள வராதுங்க. பாப்பா சின்னப் புள்ளைல ஒருக்கா எதுலியோ கையக் குடுத்துப் போட்டுதாமா. அதுலருந்து அண்டாதான்" என்றார் அந்த அம்மா. குளிர்ந்த வீட்டில் எனக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. நாலே முக்கால் லட்சம் பேருக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. கையில் பட்டுத் தெரிந்திருந்தது. தெரிந்தே படிக்கட்டில் நின்று என்னைக் கும்பிட்டிருக்கிறார்.

என் வேலை அமுதவல்லிக்குப் பிடித்துப்போனது. மகள் சம்யுக்தாவுக்குப் பொள்ளாச்சியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டில் புதுமணத் தம்பதிக்காக மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒயரிங்குக்கு என் பெயரை அவரே வாயால் சொல்லி அனுப்பி வைத்தார். இந்தக் காலத்தில் வாய் வார்த்தைக்குப் போய்ச் சேர்ந்த ஒரே வேலை அதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம் வெள்ளந்தியான மனுசி. வேளாவேளைக்கு மோர் கொடுப்பார். ஒரு நாள் குளியலறையைக் காட்டி, "எந்த ஹீட்டருங்க வெக்கலாம்? உங்குளுக்கு அனுபவம் இருக்குமே" என்று கேட்டார்.

சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. என் இரண்டு கையும் அறிந்த உண்மை. கேட்டவளுக்குச் சொல்லாமல் விடுவது பாவம் என்றும் தெரியும். "நான் ஒருத்தி சொல்லி என்னங்க ஆகப் போவுது? ஊர்வாயக் கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். கணப்பு என்றது. அட, எங்க சம்பந்தி கம்பெனியே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. விருந்தன்று சம்பந்தி பார்த்து அசந்து போகட்டும், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்துக்கு வரும் நாள். முந்தின நாள்தான் ஹீட்டரை மாட்டப் போனேன். ஸ்டூலில் ஏறி நிற்கும்போது புதுப்பெண் சம்யுக்தா பின்னால் வந்து நின்றாள். அண்ணாந்து ஹீட்டரைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பச்சை ஒயர் எங்கீங்க போகுது?" என்று கேட்டாள். மணப்பெண் கேட்கிற கேள்வியா இது. போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பச்சை ஒயரை என்ன செய்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் காலை முப்பது பேரோடு பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். ஏதாவது பிசகினால் பார்த்துக்கொள்ள இருக்கட்டும் என்று சௌந்தரம்மா என்னையும் விருந்துக்கு அழைத்திருந்தார். மாடியில் குளியலறைக்கு வெளியே ஹீட்டர் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டேன். சௌந்தரம்மா சம்பந்தியைக் கையோடு மாடிக்குக் கூட்டி வந்தார். மருமகள் தலைக்கு எண்ணெய் வைத்து, தேய்த்துக் குளிக்க அரப்புக் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"புது ஹீட்டருங்க. எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்? உங்குளுதுதான். நாலு புள்ளி எட்டு. இதா, இந்தத் தமயந்தி அம்மாதான் மாட்டுனாங்க" என்றார் சௌந்தரம்மா.

திருமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். படிக்கட்டில் அவர் கும்பிட்ட அதே மாதிரி.

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் நிதானமாகப் பார்த்தேன். பொய் சொல்வானேன், இனித்தது. அடுத்த நொடி அவர் கதவின் மேல் விழுந்தார். "கண்ணு, வெளிய வா. தண்ணியத் தொடாத. கொழாயத் தொடாத" என்று இரண்டு கையாலும் அறைந்தார். பதில் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். சுவிட்சை ஆஃப் பண்ணு என்று என்னிடம் கத்தினார்.

நான் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "எதுக்குன்னு சொல்லுங்க, ஆஃப் பண்றேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் மாடியேறி வந்துவிட்டார்கள். என்ன என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"அது ஆளக் கொன்னுடும்" என்றார்.

சௌந்தரம்மாவின் மணிக்கட்டில் பட்டை கிணுகிணுத்தது. தயாரிப்பாளரே மனம் நெகிழ்ந்து பரிந்துரைக்கிறார், கணப்பு இனி நாலு புள்ளி ஒன்பது என்று பக்கத்து வீட்டு அக்கா குரலில் சந்தோசமாகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

"ஒத்தை ஆளு சொல்றத வெச்சு எப்படிங்க நம்பறது? நாலே முக்கா லட்சம் பேரு பொய்யா சொல்லுவாங்க?" என்றேன்.

அவர் கதவோரம் உட்கார்ந்துவிட்டார். பச்சை ஒயர் சும்மா ஒப்புக்கு வைத்தது, தொட்டியில் மாட்டுவதே இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும், சுவிட்சை அணை தாயே என்றார். முப்பது பேர் கேட்டார்கள். நான் அணைத்தேன்.

பிறகு அவர் எழுந்திருக்கும் வரை காத்திருந்து, மறுபடி சுவிட்சைப் போட்டேன். குளியலறைக்கு வெளியே துணி அலசுகிற இடத்தில் அதே ஹீட்டரிலிருந்து இன்னொரு குழாய் இருக்கிறது. அதைத் திறந்து, எல்லோரும் பார்க்க என் புறங்கையை வைத்தேன். பிறகு உள்ளங்கையால் குழாயை இறுகப் பிடித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். பச்சை ஒயரைத் தொட்டியிலேயே மாட்டி, கரியும் உப்பும் போட்டுத் தனிக் குழி தோண்டி மண்ணில் இறக்கியிருக்கிறேன் என்றேன். இந்த ஜில்லாவிலேயே உயிருக்கு ஆபத்தில்லாத கணப்பு அது ஒன்றுதான்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாள் அந்த ஒயரை மாட்டிய பிறகு இரண்டு தடவை கழற்றினேன். மூன்றாவது தடவை மாட்டும்போது எனக்கு என் தம்பி ஞாபகம் வரவில்லை, அந்தப் பெண் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் குளியலறைக் கதவு திறந்தது. சம்யுக்தா கட்டிய புடவையோடு நின்றாள். தலையில் வைத்த எண்ணெய் அப்படியே நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படவில்லை. கையில் துணி மாட்டும் பிளாஸ்டிக் ஹேங்கர் இருந்தது, அதால்தான் குழாயைத் திறந்திருக்கிறாள்.

"ஏங்கண்ணு குரலே குடுக்கல?" என்று திருமூர்த்தி அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"பத்து வயசுல இது என்னத் தூக்கிப் போட்டுதுப்பா. சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க. அப்பறம் ஏன் நம்ம வூட்ல அண்டாவே இருக்குதுன்னு கேக்க எனக்கு தைரியம் வரல. இன்னைக்கு கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். முப்பது வாய் சாயங்காலத்துக்குள் மூவாயிரம் வாயானது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது மிஷினைப் பற்றிச் சொன்னதல்ல. வழக்கு திரும்ப நடக்கிறது, முதல் சாட்சி சம்யுக்தா. கணப்பின் எண் இன்றைக்கும் நாலு புள்ளி ஒன்பதுதான், வாங்கத்தான் ஆளில்லை. பத்து வயதில் பட்டதை வெளியில் சொல்லாமல் இத்தனை வருடம் இருந்த அந்தப் பெண்ணின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவளிடமே சொல்லியிருக்கிறேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பந்தி போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. திருமூர்த்தி தனியாகக் கீழே இறங்கிக் காருக்குப் போனார். மகளும் வரவில்லை, மனைவியும் வரவில்லை. நான் வாசல் வரை பின்னால் போனேன். பன்னிரண்டு மாதம் எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தபோது பழைய இரண்டு வார்த்தைதான் வந்தது.

"நல்லா இருங்க" என்றேன்.

என் மணிக்கட்டில் பட்டை சிணுங்கியது. வாழ்த்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் என்றது. திருமூர்த்தி கார்க் கதவைத் திறக்கப் போனவர், அந்த இரும்புப் பிடியைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். என்ன அர்த்தம் என்று அவர் எந்த மிஷினையும் கேட்கவில்லை. அவரும் தமிழர்தான்.